கேட்டால்தான் சொல்லும் பெட்டி – எஸ்என்எம்பி வந்த கதை

பி.காம் படிக்கிறவனுக்கு எஸ்என்எம்பி பற்றி என்ன பேச்சு என்று வகுப்பில் யாராவது கேட்பீர்கள், தெரியும். காரணம் இருக்கிறது. கொஞ்சம் வெட்கமான காரணம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் விடுமுறையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பழகப் போனேன். அங்கே மேஜைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே நான்கு ஹார்டுடிஸ்க், பின்னால் ஒரு நெட்வொர்க் கேபிள், முன்னால் வரிசையாகச் சின்ன விளக்குகள். 'நாஸ்' என்பார்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவான பீரோ மாதிரி. டேலி பேக்கப், ஸ்கேன் செய்த வவுச்சர், பழைய ரிட்டர்ன் எல்லாம் அதற்குள்தான். ஒருநாள் அது 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது. "தம்பி, அதைக் கொஞ்சம் நிறுத்துப்பா" என்றார் சீனியர் அண்ணன். பிரவுசரில் அதன் பக்கத்தைத் திறந்து, 'ம்யூட்' என்று இருந்ததை அழுத்தினேன். சத்தம் நின்றது. நாலு விளக்கில் ஒன்று மட்டும் ஆரஞ்சாக எரிந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஏழு வாரம் கழித்து இரண்டாவது டிஸ்க்கும் போனது. ஒரு டிஸ்க் போனால் தாங்கும் பெட்டி, இரண்டு போனால் தாங்காது. டாக்ஸ் ஆடிட் அறிக்கைக்கு செப்டம்பர் 30 கடைசித் தேதி. அந்த மாதம் முழுக்க கிளையன்ட் கிளையன்ட்டாக போன் போட்டு "சார், அந்த பில்லை இன்னொரு தடவை அனுப்ப முடியுமா" என்று கேட்டது நான்தான். சரிபார்க்க வந்த சர்வீஸ் அண்ணன் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எஸ்என்எம்பி ஆன் பண்ணி வைக்கலையா?"

அது என்ன என்று அன்றிரவு தேட ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை. தேடியதில் கிடைத்த கதைதான் இது.

1980களின் இணையம் சின்னது. பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சிக் கூடங்கள், ராணுவம், அவ்வளவுதான். தூரத்தில் இருக்கும் இயந்திரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் 'பிங்' எழுதினார். "இருக்கியா?" என்றால் "இருக்கேன்" என்று பதில் வரும். எப்படி இருக்கிறாய் என்று கேட்க அதில் வழியில்லை. 1986 அக்டோபரில் இதன் போதாமை எல்லோருக்கும் உறைத்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவே தூரம் 400 கெஜம்தான். அந்த இணைப்பில் விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்தது, நெரிசலில் 40 பிட்டாக விழுந்தது. ஆயிரம் இல்லை, வெறும் நாற்பது.

வழியில் இருக்கும் ரவுட்டர்களிடம் (அப்போது 'கேட்வே' என்பார்கள்) "எத்தனை பாக்கெட் வாங்கினாய், எத்தனையைக் கீழே போட்டாய்" என்று கேட்க ஒரு பொது மொழி வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 1987-ல் ஒன்றுக்கு மூன்றாக வழிகள் கிளம்பின. ஒன்று ஹெம்ஸ், கிரெய்க் பார்ட்ரிட்ஜும் கிளென் ட்ரூவிட்டும் செய்தது. இரண்டாவது எஸ்ஜிஎம்பி. ஜெஃப்ரி கேஸ், ஜேம்ஸ் டேவின், மார்க் ஃபெடர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால் என்ற நாலு பேர், கையில் இருந்த ரவுட்டர்களைச் சமாளிக்க அவசரத்துக்கு எழுதியது. மூன்றாவது சிஎம்ஐபி. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ செய்துகொண்டிருந்த பெரிய, முழுமையான, கனமான ஏற்பாடு.

1988 பிப்ரவரியில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். அதன் முடிவை விண்ட் செர்ஃப் எழுதி, ஏப்ரலில் ஆர்எஃப்சி 1052 என்று வெளியிட்டார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான். பார்ட்ரிட்ஜ் தன்னுடைய ஹெம்ஸைத் தானே விலக்கிக்கொண்டார். சண்டை நீளக் கூடாது என்பதற்காக. மீதி இரண்டில், எஸ்ஜிஎம்பியைக் கொஞ்சம் திருத்தித் தற்காலிகமாக வைத்துக்கொள்வது, பிற்பாடு எல்லோரும் சிஎம்ஐபிக்கு மாறிவிடுவது என்று தீர்மானம். அந்தத் தற்காலிக ஏற்பாட்டுக்கு எஸ்என்எம்பி என்று பெயர் வைத்து 1988 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். முதல் எஸ் 'சிம்பிள்'. மாறுவது நடக்கவே இல்லை. 1989-லேயே இரண்டும் அதனதன் வழியில் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். நம் ஊரில் தற்காலிகப் பேருந்து நிலையம் என்று போட்ட கொட்டகை முப்பது வருஷம் நிற்குமே, அப்படி.

ஏன் நின்றது? பதில் சொல்லும் பெட்டிக்கு வேலை மிகக் குறைவு. ஒரு கேள்வி வரும்: இந்த எண்ணில் என்ன இருக்கிறது? பெட்டி அதைப் பார்த்துச் சொல்லும். அடுத்த எண்ணில்? அதையும் சொல்லும். கூட்டுவது, கழிப்பது, கவலைப்படுவது எல்லாம் கேட்கிற கம்ப்யூட்டரின் பாடு. இணைப்பு ஏற்படுத்தி, கைகுலுக்கி, பிறகு பேசுவது என்ற சம்பிரதாயமும் இல்லை. யுடிபி முறையில் 161-ஆம் போர்ட்டுக்கு ஒரு பாக்கெட் போகும், ஒன்று வரும். நெட்வொர்க் நொண்டியடிக்கும்போதுதான் இந்தக் கேள்வி கேட்க வேண்டியிருக்கும், அப்போது சம்பிரதாயம் பார்த்தால் ஆகாது என்பது அவர்கள் கணக்கு.

எண் என்றேனே, அது நமக்குப் பழக்கமான விஷயம்தான். கணக்குத் தலைப்புக்கு நம்பர் போட்டு, அதற்குக் கீழே உபதலைப்புக்கு நம்பர் போடுகிறோம் இல்லையா, அதேதான். 1.3.6.1.4.1 என்று தொடங்கும். நடுவில் இருக்கும் 6 அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. இன்றைக்கும் நம் ஊர் அலுவலகத்து டிஸ்க்கின் சூட்டைக் கேட்டால் அந்தத் துறையின் கிளை வழியாகத்தான் போகிறோம் :-) கடைசி 1-க்குக் கீழே ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நம்பர். சிஸ்கோ 9. நெட்ஆப் 789. சைனாலஜி 6574. தன் நம்பருக்குக் கீழே யார் என்ன தலைப்பு வைத்தாலும் கேட்பாரில்லை. இதனால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு பக்கம், அதே 1988 ஜூன் மாதம், பெர்க்லியில் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 'ரெய்டு' பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். ஒரு பெரிய விலையுயர்ந்த டிஸ்க்குக்குப் பதில் பல மலிவான டிஸ்க்குகளைச் சேர்த்து வைப்போம், ஒன்று கெட்டால் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு அதை மீட்டுக்கொள்வோம் என்பது யோசனை. ஆனால் டிஸ்க் எண்ணிக்கை கூடக் கூட ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்பும் கூடும். அதனால் கெட்டதை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவர்களின் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த நேரத்தை மணிக்கணக்கில் வைத்துத்தான் 'இது பத்திரம்' என்று நிரூபித்தார்கள். நான் அந்த இடத்தில் ஏழு வாரத்தைப் போட்டிருக்கிறேன்.

எஸ்என்எம்பியும் ரெய்டும் ஒரே கோடையில் பிறந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. எஸ்என்எம்பியில் பெட்டி தானாகவே கத்துவதற்கும் ஒரு வழி உண்டு, 'டிராப்' என்று பெயர். 1990-ன் ஆர்எஃப்சி 1157-ல் பொதுவான டிராப் ஆறு வகை: பெட்டி புதிதாகத் தொடங்கியது இரண்டு வகை, இணைப்பு போனது, வந்தது, தவறான கடவுச்சொல்லோடு யாரோ கேட்டது, பக்கத்து ரவுட்டர் காணாமல் போனது. டிஸ்க் கெட்டதற்கு ஒன்றும் கிடையாது. எழுதியவர்கள் ரவுட்டர்காரர்கள், குற்றம் சொல்ல முடியாது. ஏழாவதாக 'கம்பெனி இஷ்டம்' என்று ஒன்று வைத்தார்கள். டிஸ்க்கெல்லாம் அதற்குள் போயிற்று. போதாக்குறைக்கு, டிராப் வழியில் தொலைந்தால் அனுப்பியவருக்குத் தெரியாது. அந்த ரசீது முறை 1993-ல் இரண்டாம் பதிப்பில்தான் வந்தது.

சேமிப்புக்கென்றே தனிப் பெட்டி விற்கும் தொழில் அந்தச் சமயத்தில்தான் சூடு பிடித்தது. 1989-ல் ஆஸ்பெக்ஸ் கொஞ்சம் பெரிய ஆட்களுக்கு விற்றது. 1992-ல் டேவிட் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் மூவரும் நெட்ஆப் தொடங்கினார்கள். டோஸ்டர் மாதிரி ஒரே வேலை செய்யும் பெட்டி, உள்ளே நாம் எதையும் நிறுவ வேண்டாம் என்பது அவர்கள் பெருமை. நிறுவ வேண்டாம் என்றால் நிறுவவும் முடியாது. சாதாரண சர்வரில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் போட்டு டிஸ்க்கைப் பார்க்கலாம். இதில் வெளியே நின்று கேட்பது ஒன்றுதான் வழி. ரவுட்டரும் அப்படித்தானே? அதனால் ரவுட்டருக்காகத் தைத்த சட்டையையே இதற்கும் போட்டுவிட்டார்கள்.

சட்டை பிடித்தது. இங்கேதான் எனக்குப் பிடித்த கணக்கு வருகிறது.

எஸ்என்எம்பியில் இரண்டு விதமான எண்கள். ஒன்று கைரொக்கம் மாதிரி, இந்த நிமிடம் எவ்வளவு என்று சொல்லும். இன்னொன்று ஈபி மீட்டர் மாதிரி, ஏறிக்கொண்டே போகும். போன ரீடிங்கை இந்த ரீடிங்கிலிருந்து கழித்தால் உபயோகம். மீட்டரில் எல்லாம் 9 ஆனதும் மறுபடி பூஜ்யத்துக்கு வரும் அல்லவா? எஸ்என்எம்பியின் 32 பிட் மீட்டர் 429 கோடிச் சொச்சத்தில் பூஜ்யமாகிவிடும். விநாடிக்கு 10 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் ஒரு சுற்றுக்கு சுமார் 57 நிமிடம். யாருக்கும் தொந்தரவில்லை. ஒரு ஜிகாபிட் என்றால்? 34 விநாடி. 1995-ல் டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதிய எம்ஆர்டிஜி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்டர் பார்க்கும். அதற்குள் எட்டு சுற்றுக்கு மேல் ஓடியிருக்கும். மீட்டர் ரீடர் வருவதற்குள் மீட்டர் எட்டு தடவை பூஜ்யமானால் பில் எப்படிப் போடுவது? இரண்டாம் பதிப்பில் 64 பிட் மீட்டர் வந்தது இதற்காகத்தான்.

கைரொக்க வகையிலும் அதே அடி. நெட்ஆப் தன் டிஸ்க் இருப்பை கிலோபைட் கணக்கில், 32 பிட்டில், கூட்டல் கழித்தல் குறியோடு வைத்தது. அதில் அடங்குவது 2 டெராபைட்தான். அதற்கு மேல் போனபோது எண்ணை மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டு தலைப்பாக உடைத்தார்கள். அந்தக் கீழ்ப்பாதி சில நேரம் மைனஸில் வரும்! டேலியில் நெகடிவ் ஸ்டாக் பார்த்து மண்டை காய்ந்தவர்களுக்கு இது புரியும். 4,294,967,296-ஐக் கூட்டினால் சரியாகும், ஆனால் கூட்ட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பிறகு 64 பிட்டில் தனித் தலைப்பு வைத்தார்கள்.

எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக 1993 செப்டம்பரில் வந்த அட்டவணையிலும் (ஆர்எஃப்சி 1514) இதே கதை. டிஸ்க்கைத் துண்டுகளாக எண்ணச் சொன்னது. துண்டு 4096 பைட் என்றால் 8 டெராபைட்டில் எண் முட்டிவிடும். 1993-ல் 8 டெராபைட்டை யார் கனவு கண்டார்கள்? இன்றைக்கு அது ஒற்றை டிஸ்க். லினக்ஸில் ஓடும் நெட்-எஸ்என்எம்பி இதற்கு ஒரு தந்திரம் செய்கிறது, துண்டின் அளவைப் பெரிதாக்கி எண்ணைச் சிறிதாக்கும். பேலன்ஸ் ஷீட் தலையில் 'ரூ. லட்சங்களில்' என்று போடுகிறோமே, அதேதான்!

பாதுகாப்பு விஷயம் சோகம். முதல் இரண்டு பதிப்புகளிலும் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே போகும். பல பெட்டிகளில் அது 'பப்ளிக்' என்ற சொல்லாகவே வெளிவந்தது. 1993-ல் பூட்டுப் போட முயன்று, அது மிகச் சிக்கலாகி, 1996-ல் பூட்டைக் கழற்றிவிட்டே இரண்டாம் பதிப்பை வெளியிட்டார்கள். 2002 பிப்ரவரியில் ஃபின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தார், கோணல்மாணலான கேள்விகளை அனுப்பினால் ஏராளமான கம்பெனிகளின் பெட்டிகள் விழுந்துவிடுகின்றன என்று காட்டினார்கள். ஒழுங்கான பூட்டோடு மூன்றாம் பதிப்பு முழுத் தரமானது அதே வருடம் டிசம்பரில்.

இப்போது அந்த அலுவலகத்தில் சைனாலஜி பெட்டி. எஸ்என்எம்பியை நானே ஆன் செய்தேன். மூலையில் கிடந்த ஒரு பழைய பி.சி.யில் லினக்ஸ் போட்டு, 1.3.6.1.4.1.6574.3.1.1.3 என்ற எண்ணை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வைத்திருக்கிறேன். 1 என்றால் நலம், 11 என்றால் ஒரு டிஸ்க் போய்விட்டது, 12 என்றால் எல்லாம் போய்விட்டது. 1 தவிர எது வந்தாலும், பதிலே வராவிட்டாலும், ஆடிட்டர் சாருக்கும் எனக்கும் மெயில் போகும். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிச் சோதித்துப் பார்த்தேன். மெயில் வந்தது. ஓடுகிற பெட்டியிலிருந்து டிஸ்க்கை உருவிச் சோதிக்க மட்டும் சார் விடவில்லை.

ஒன்று பாக்கி. இரண்டாம் பதிப்பில்தான் வைத்திருக்கிறேன், கடவுச்சொல் 'பப்ளிக்'. சனிக்கிழமை போய் மூன்றாவதுக்கு மாற்ற வேண்டும்.