குடிமையியலும் பொருளியலும் – இந்தியப் பள்ளிப் பாடமாக

அரசு, சட்டம், உரிமை பற்றிய குடிமையியலும் விளைச்சல், கூலி, கடன், சந்தை பற்றிய பொருளியலும் இந்தியப் பள்ளிகளில் சமூக அறிவியலின் பகுதிகளாகக் கற்பிக்கப்படுகின்றன. விசுவாசமுள்ள பிரஜைகளை வளர்க்க ஆங்கில ஆட்சியில் தொடங்கிய குடிமையியல், கேள்வி கேட்கும் மாணவர் பக்கம் திரும்ப ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தொடக்ககால நூல்களில் பேர்பெற்றது, ஐ.சி.எஸ். அதிகாரி வில்லியம் லீ-வார்னர் எழுதிய ‘தி சிட்டிசன் ஆஃப் இந்தியா’ (1897). ஆங்கில ஆட்சியின் நன்மைகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வதே அதன் நோக்கம்.

விடுதலைக்குப் பின் பாடத்தில் அரசியலமைப்பு வந்தது; மனப்பாடம் மட்டும் போகவில்லை. குடியரசுத் தலைவராவதற்குக் குறைந்தபட்ச வயது 35, மாநிலங்களவை உறுப்பினரின் பதவிக் காலம் 6 ஆண்டு என்று ஒப்பித்தால் மதிப்பெண் கிடைத்தது.

மனப்பாடத்துக்கு மாற்றுவழியை முதலில் முயன்ற அமைப்புகளில் ஒன்று, 1982இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய ஏகலவ்யா. மாணவர் கண்ணால் காணும் வயல், சந்தை, பஞ்சாயத்து ஆகியவற்றிலிருந்து பாடத்தைத் தொடங்கும் நூல்களை அது எழுதி, அரசுப் பள்ளிகளில் நடத்திப் பார்த்தது. 2002இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்தியது.

பேராசிரியர் யஷ்பால் தலைமையில் உருவான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005, இந்தப் போக்கை நாடு முழுவதற்கும் கொண்டுசென்றது. அதன்படி தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு (என்.சி.இ.ஆர்.டி.) வெளியிட்ட ஒன்பதாம் வகுப்புப் பொருளியல் நூல், பாலம்பூர் என்ற கற்பனைக் கிராமத்தின் கதையுடன் தொடங்குகிறது. மேற்கு உத்தரப் பிரதேசத்தின் புலந்த்சகர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கில்பர்ட் எத்தியன் நடத்திய ஆய்வைத் தழுவியது அது. அங்கே நிலமற்ற கூலியாள் டாலா. அரசு நிர்ணயித்த கூலி நாளுக்கு 60 ரூபாய், அவர் கைக்கு வருவதோ 35 முதல் 40 ரூபாய் என்றது முதல் பதிப்பு. காரணத்தையும் நூலே காட்டுகிறது: வேலை கொஞ்சம், அதற்குப் போட்டியிடும் கைகள் ஏராளம். பாடத்தின் முடிவில் மாணவருக்கு ஒரு வேலை உண்டு. உள்ளூர் விவசாயக் கூலிகளிடமோ கட்டடத் தொழிலாளர்களிடமோ பேசி, கூலி எவ்வளவு, பணமாகவா தானியமாகவா, கடன் இருக்கிறதா என்று கேட்டு எழுத வேண்டும்.

அதே வரிசையில் வந்த பத்தாம் வகுப்பு நூல் கிராமத்துக் கடன், வங்கதேசத்தின் கிராமீன் வங்கி, 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றை விளக்குகிறது.

தமிழ்நாட்டில் 2018இல் வந்த ஆறாம் வகுப்பு நூலில் ‘பொருளியல் – ஓர் அறிமுகம்’ இடம்பெற்றது. என்.சி.இ.ஆர்.டி. 2024 முதல் ஆறாம் வகுப்புக்கு வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் ஒரே நூலில் தருகிறது.