முதல் நாவல் எது? நூற்பட்டியல்கள் சொல்லும் கதை



நான் பிறந்து வளர்ந்த இடம் கொழும்பு புதுக்கடை. 1656ஆம் ஆண்டு கொழும்பு முற்றுகையின்போது உயிரிழந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்ட் என்பவரின் பெயரால் ஆங்கிலத்தில் 'ஹல்ஃப்ட்ஸ்டோர்ப்' என்று இந்த இடத்தை அழைப்பார்கள். நமக்கும் சிங்கள மக்களுக்கும் அது புதுக்கடைதான். 'அளுத்கடே' என்றாலும் பொருள் ஒன்றே. நீதிமன்றங்களும் சட்டத்தரணிகளும் நொத்தாரிசுமாரும் நிறைந்த இந்தத் தெருக்களில், ஒரு நொத்தாரிசிடம் எழுத்தராக என் தந்தையார் வேலை செய்தார். காணி ஒன்று கைமாறுவதற்கு முன்னர் பழைய பதிவுகளைப் புரட்டி, இது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று தேடிக் குறிப்பெடுப்பது அவரது பணி. "உறுதியைக் காட்டினால் மட்டும் போதாது, தம்பி, அதற்கு முந்தின உறுதி எங்கே என்று கேட்க வேண்டும்" என்பார். அந்தச் சொல்லின் பெறுமதியை நான் உணர்ந்தது, தமிழாசிரியனாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னர்தான்.

எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் புதிய சோனகத் தெரு. அங்கே 1884இல் அறிஞர் சித்திலெப்பை முன்னின்று தொடக்கிய பாடசாலையே இன்று ஹமீத் அல் ஹுஸைனி கல்லூரியாக விளங்குகின்றது. அப்பாடசாலையில் உயர்தர வகுப்பில் படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளை ஒருவர், மாலை வேளைகளில் தமிழ்ப் பாடத்தில் சந்தேகம் கேட்க என்னிடம் வருவதுண்டு. ஈழத்துத் தமிழ் நாவலின் தோற்றம் பற்றி நான் எழுதிவைத்திருந்த குறிப்பை ஒருநாள் அவருக்குக் கொடுத்தேன். 1895இல் வெளிவந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி'யை முதல் நாவலாகக் காட்டிய குறிப்பு அது. என் மாணவப் பருவத்துக் கொப்பியிலிருந்து நான் எடுத்து எழுதியது.

மறுநாள் அந்தப் பிள்ளை வந்து, "சேர், எங்கட ஸ்கூலைத் தொடங்கினவர் ஒரு கதை எழுதியிருக்கிறாரே, அது இதைவிடப் பழசாம். அவருடைய பேரே இந்தக் குறிப்பில இல்லையே?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. "பார்த்துச் சொல்கிறேன், மகன்" என்று அனுப்பிவைத்தேன். அன்றிரவு கணினியின் முன் அமர்ந்து தேடத் தொடங்கினேன். சித்திலெப்பை எழுதிய 'அசன்பேயுடைய கதை' 1885இல் வெளிவந்தது என்பதை, இணைய நூலகத்திலே கிடைத்த ஆய்வு நூல்களும் கட்டுரைகளும் எனக்கு மீண்டும் மீண்டும் காட்டின. திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891இலே வந்தது. 'மோகனாங்கி' அதற்கும் பிற்பட்டது. அதனைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் எனச் சிறப்பித்துச் சொல்வதே பொருந்தும். அயலிலே ஒரு பாடசாலையை நிறுவிய பெரியாரின் நூலை, அப்பாடசாலையின் சுவர் ஓரமாக நாள்தோறும் நடந்து சென்ற நான் குறிப்பில் விட்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. என் கொப்பி முடிந்த இடத்தில் இலக்கிய வரலாறும் முடிந்துவிட்டதென நான் எண்ணியிருக்கிறேன்.

நேயர்களே, 'முதல்' என்ற சொல்லை நாம் மிக எளிதாகக் கையாளுகின்றோம். உண்மையில் அது தேடியவர் எந்த அலுமாரி வரைக்கும் சென்றார் என்பதையே சொல்லும். ஆகவே நூற்பட்டியலின் வரலாறும் இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியாகின்றது.

அந்தப் பணியில் ஈழத்தவர் முன்னோடிகளாக இருந்துள்ளனர். நீதித்துறையில் பணிபுரிந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து 1859இல் ஆங்கிலத்தில் 'தமிழ் புளூடாக்' என்ற நூலை வெளியிட்டார். 1865இல் ஜோன் மேர்டொக், அச்சான தமிழ் நூல்களை வகைப்படுத்திப் பட்டியலிட்டார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' 1886இல் வந்தது. ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றியமை நாம் அறிந்ததே. கொழும்பு நூதனசாலை நூலகம் 1877இல் உருவானது. இலங்கையில் அச்சாகும் நூல்கள் அங்கே சேர வேண்டுமென 1885ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. இலண்டனில் பிரித்தானிய நூதனசாலைக்காகப் பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தொகுத்த தமிழ் நூற்பட்டியல் 1909இல் வெளிவந்தது.

இவ்வாறு சேர்ந்தவை எல்லாம் நிலைத்தனவா? தேவார ஏடுகளைச் சிதம்பரத்திலே கறையான் அரித்த கதையை நாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கின்றோம். நம் காலத்துக் கறையான் வேறு வடிவில் வந்தது. 1933இல் கே. எம். செல்லப்பா தமது வீட்டிலே தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்து, 1959இல் புதிய கட்டடம் கண்ட யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981 மே 31ஆம் திகதி இரவு தீக்கிரையானது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு பல ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. கட்டடத்தைத் திரும்பக் கட்டினார்கள். வேறெங்கும் பிரதி இல்லாத நூலை எந்தக் கொத்தனார் திரும்பக் கட்டுவார்?

அதன் பின்னர் வந்த முயற்சிகளை இந்தப் பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும். சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' என்ற மின்னூல் பணியைத் தொடக்கினார். பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சிட்டு இலவசமாக வழங்கினார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்கள், அவர் 1992இல் மறைந்த பின்னர் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையிலே ஆய்வு நூலகமாயின. 2005இல் ஈழத்து இளைஞர்கள் தொடங்கிய 'நூலகம்' திட்டம், நம் நாட்டு நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிட்டு இணையத்தில் வைத்து வருகின்றது. முன்பு யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ இலண்டனுக்கோ பயணப்பட வேண்டியிருந்த ஆய்வாளர், இன்று புதுக்கடையின் ஒரு மாடி அறையிலிருந்தே தேடலாம்.

ஆயினும் தேடத் தெரியாதவருக்கு இந்தத் தளங்களும் பூட்டிய அலுமாரிதான். தாமோதரம்பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்நாட்டு நூலகங்களின் பட்டியல்களில் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்திலேயே பெரும்பாலும் பதியப்பட்டுள்ளன. தமிழ் எழுத்தை அப்படியே பெயர்த்தால் அவர் 'ரீ' என்ற எழுத்தின் கீழ் வருவார். வடமொழி ஒலிப்படி எழுதினால் 'டீ' என்ற எழுத்துக்குப் போய்விடுவார். யாழ்ப்பாண வழக்கிலே 'ரீ'யுடன் 'எச்'சும் சேரும். ஒரே மனிதருக்கு மூன்று வாசல்கள். ஒரு வாசலிலே தட்டிவிட்டு, 'ஆள் இல்லை' என்று திரும்பலாமா?

இன்னுமொரு சிக்கல் உண்டு. படமாக எடுக்கப்பட்ட பக்கத்தைக் கண்ணால் வாசிக்கலாம். அதன் உள்ளே இருக்கும் சொல்லைக் கணினி தானாக அறியாது. ஒருங்குறிக்கு முன்னர் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்டவையும் மாற்றப்படாவிட்டால் தேடலில் அகப்படுவதில்லை. எனவே 'கிடைக்கவில்லை' என்று திரையில் வந்தால், 'இல்லை' என்று எழுதிவிடக் கூடாது. கிடைத்த நூலிலும் முகப்புப் பக்கத்தைப் பார்த்து, எந்த ஆண்டு, எத்தனையாம் பதிப்பு என்று குறித்துக்கொள்ள வேண்டும். முந்தின உறுதி எங்கே என்று என் தந்தையார் கேட்ட கேள்விதான் இது.

இணையத்தில் ஏறிவிட்டால் எல்லாம் பத்திரம் என்றும் எண்ண வேண்டாம். 2023 ஒக்டோபரில் இணையத் தாக்குதல் ஒன்றினால் பிரித்தானிய நூலகத்தின் சேவைகள் முடங்கின. 2024 ஜனவரி நடுப்பகுதியில்தான் அதன் முதன்மைப் பட்டியலை வாசகர்கள் மீண்டும் பார்க்க முடிந்தது. யாழ்ப்பாணத்தில் நெருப்பு, இலண்டனில் மென்பொருள். ஒரே இடத்தில் வைத்திருப்பது ஒரே நாளில் கைநழுவிப் போகலாம் என்பதே இரண்டும் நமக்குத் தரும் பாடம். பிரதிகள் பல இடங்களில் இருக்க வேண்டும்; கடதாசியிலும் இருக்க வேண்டும்.

ஆகவே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஏனைய ஊர்களிலும் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலே பழைய சஞ்சிகையோ, கோயில் மலரோ, பாடசாலை ஆண்டு மலரோ இருக்கலாம். பழைய கடதாசிக்காரரிடம் நிறுத்துக் கொடுப்பதற்கு முன்னர் ஒருமுறை தேடிப் பாருங்கள். பட்டியலில் அது இல்லையென்றால், எஞ்சியிருக்கும் பிரதி உங்கள் கையில் இருப்பதாகவே இருக்கலாம்.

அந்தப் பிள்ளைக்குப் புதிய குறிப்பொன்றை எழுதிக் கொடுத்தேன். சித்திலெப்பை 1885, இன்னாசித்தம்பி 1891, சரவணமுத்துப்பிள்ளை 1895 என்று ஒழுங்குபடுத்தி, அடியிலே 'இதுவரை அறிந்த அளவில்' என்றும் சேர்த்திருந்தேன். அவர் அதை வாசித்துவிட்டு, "அப்ப இதற்கும் முந்தினது கிடைக்குமா, சேர்?" என்றார்.

"தேடு, மகன். கிடைத்தால் எனக்கும் வந்து சொல்" என்றேன்.