பெயரில் இல்லாத கொழுப்பு

1891ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் உன்வெரிக்ட், தோலும் தசையும் ஒருசேர அழற்சியுறும் நோய்க்கு டெர்மடோமயோசைடிஸ் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் டெர்மா என்பது தோல். மைஸ் என்பது தசை. லைப்சிக் நகரின் எர்ன்ஸ்ட் வாக்னர் 1863லேயே இத்தகைய நோயாளியை விவரித்திருந்தாலும் நிலைத்தது உன்வெரிக்டின் சொல்தான். தோலுக்கும் தசைக்கும் இடையே கிடக்கும் கொழுப்புக்கு அப்பெயரில் இடமில்லை. குழந்தைகளிடத்தில் அந்த விடுபடல் சிறிதன்று.

கண்ணுக்கு முதலில் படுவது தோல். இமைகளின் மேல் படரும் ஊதா நிறத்துக்கு ஹீலியோட்ரோப் மலரின் பெயரையே இட்டனர். (நம் வேலியோரத்துத் தேள்கொடுக்கு அதன் உறவுச்செடி என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறோம்.) விரல் கணுக்களின் மேல் எழும் தடிப்புகள் காட்ரன் என்னும் மருத்துவரின் பெயரைத் தாங்குகின்றன. வெளிறிய தோலைப் பார்த்து எழுதப்பட்ட வருணனைகள் இவை. கருந்தோலில் அந்த ஊதா எளிதில் தெரிவதில்லை. சில குழந்தைகளுக்கு முழங்கை, முழங்கால் தோலின் கீழ்ச் சுண்ணாம்பு படிந்து, கட்டியாகி, வெடித்து வெண்குழம்பாய் வழிவதும் உண்டு.

கொழுப்பின் கதை வேறு. ஸ்டீராய்டுக்கு முந்தைய காலத்தில் இந்நோயுற்ற குழந்தைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறந்தனர், ஒருவர் முடமாயினர். 1948இல் மூட்டுவாதத்திற்கென முதன்முதலில் தரப்பட்ட கார்ட்டிசோனும் அதன் வழிவந்த மருந்துகளும் அந்நிலையை மாற்றின. ஆனால் அம்மருந்து முகத்தை உப்ப வைக்கும். நோயோ சிலருக்குக் கை கால்களின் கொழுப்பைக் கரைக்கும். உருண்ட முகமும் குச்சிக் கால்களும் கொண்ட குழந்தையைக் கண்டால் முகத்துக்கு மருந்தையும் கால்களுக்குத் தசைத் தேய்வையும் காரணமாகச் சொல்லிவிடுவது எளிது. வலு திரும்பி, குழந்தை மாடிப்படி ஏறத் தொடங்கிய பின்னரும் கால்கள் தேறாதபோதுதான் ஐயம் பிறக்கும்.

இது அழகு பற்றிய சிக்கல் மட்டுமன்று. சேமிக்க இடமற்ற கொழுப்பு ஈரலிலும் இரத்தத்திலும் சேர்கிறது. இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்க மறுக்கிறது. பள்ளி செல்லும் வயதிலேயே நீரிழிவு எட்டிப் பார்க்கக்கூடும். கொழுப்புத் திசு வெறும் பண்டகசாலையன்று என்பதை, அது சுரக்கும் லெப்டினை 1994இல் கண்டறிந்தபோது உலகம் தெளிவாக உணர்ந்தது. அதன் செயற்கை வடிவம், உடலெங்கும் கொழுப்பு இழந்தோருக்காக 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கரைந்த கொழுப்பு பெரும்பாலும் மீள்வதில்லை. மெல்ல மெல்ல நிகழும் இழப்பாதலால் அன்றாடம் பார்ப்பவர் கண்ணுக்கு அது தப்பிவிடும். நோய்க்கு முன் எடுத்த பழைய புகைப்படம் ஒன்றை மருத்துவர் கேட்டு வாங்கிப் பார்ப்பது அதனால்தான்.