சிறுதொழில் இணையதளம் (வடசென்னைத் துறைமுகப் பகுதி)

ஏதேனும் ஒரு வகைச் சரக்கையோ வேலையையோ மட்டும் செய்து பிழைக்கும் சிறு நிறுவனம், தன்னைத் தேடுவோருக்காக இணையத்தில் சொந்தமாக வைத்திருக்கும் இடம் சிறுதொழில் இணையதளம். முகநூல் பக்கமும் வாட்ஸ்அப் கணக்கும் பெரிய விற்பனைத் தளங்களில் கிடைக்கும் கடைப்பக்கமும் இதில் சேரமாட்டா. அவற்றின் விதிகளை வேறு யாரோ எழுதுகிறார்கள், வேறு யாரோ மாற்றுகிறார்கள். சொந்தத் தளத்தில் முகவரி, எழுத்து, படம் மூன்றும் தொழில் நடத்துபவருடையவை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத் தொழில்களுக்கு இத்தகைய தளத்தைத் திட்டமிடுவதும் உருவாக்குவதும் எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொழில் வட்டாரம்

ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது. சென்னையின் செயற்கைத் துறைமுகம் 1881 முதல் இயங்குகிறது. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு கூடமாகத்தான் தொடங்கியது. எண்ணூரில் அசோக் லேலண்டும், 1955 முதல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும், 1960-களில் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் வந்தன. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது; 2014-இல் அது காமராஜர் துறைமுகம் ஆனது. பெரிய ஆலைகளையும் துறைமுகங்களையும் சுற்றி லேத் பட்டறை, கேஸ்கெட் வெட்டும் கடை, கயிறு, பெயின்ட், கன்டெய்னர் பழுதுபார்ப்பு, வலைக் கடை, ஐஸ் ஆலை, கருவாட்டு வியாபாரம் என்று நூறு விதமான சிறுதொழில்கள் வளர்ந்தன.

இந்தக் கடைகளுக்கு விளம்பரப் பலகைகூடத் தேவைப்பட்டதில்லை. வாங்குபவரும் விற்பவரும் ஒரே தெருவில் இருந்தார்கள். இப்போது ஆலையின் கொள்முதல் அதிகாரி வேறு ஊரில் உட்கார்ந்திருக்கிறார். கப்பலுக்குச் சரக்கு வாங்குபவர் வேறு நாட்டில் இருக்கிறார். அவருக்குத் தெருவின் பெயர் தெரியாது, கடைக்காரரின் நாணயம் தெரியாது. தேடுபொறியில் என்ன கிடைக்கிறதோ அதுதான் அவருக்குத் தெரிந்த வடசென்னை. நாற்பது ஆண்டு அனுபவமுள்ள பட்டறை அங்கே அகப்படாமல், இடையில் கமிஷன் பார்ப்பவரின் பெயர் முதலில் வந்து நிற்பது இந்த வட்டாரத்துக்கு நேர்ந்திருக்கும் உண்மையான இழப்பு.

திட்டமிடல்

தளம் வேண்டும் என்று வருபவர் பெரும்பாலும் நிறத்தையும் முகப்புப் படத்தையும் பற்றித்தான் முதலில் பேசுகிறார். முதலில் முடிவாக வேண்டியது வேறு. வாங்க வருபவர் யார்? அவர் எந்தக் கேள்வியோடு வருகிறார்? பதில் கிடைத்தபின் என்ன செய்ய வேண்டும்: போன் செய்ய வேண்டுமா, பட்டியல் அனுப்ப வேண்டுமா, அங்கேயே பணம் கட்ட வேண்டுமா? இவற்றுக்கு விடை எழுதிவிட்டால் எத்தனை பக்கம், என்ன மொழி, என்ன வசதி என்பவை தாமாகவே தெளிவாகும். விடை கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: கடைசியாக வந்த ஐம்பது போன் அழைப்புகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் வாடிக்கையாளர் என்ன கேட்டார் என்று குறித்துப் பார்ப்பது. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவைதான் தளத்தின் பக்கங்கள்.

கப்பல் சாமான் வழங்குவோர்

ராயபுரத்திலும் பாரிமுனைத் தெருக்களிலும் ஷிப் சாண்ட்லர் எனப்படுவோர் தொழில் நடத்துகிறார்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி முதல் கயிறு, பெயின்ட், கையுறை, பல்பு வரை கொண்டு சேர்ப்பவர்கள் இவர்கள். சரியான தளத்தால் இந்த வட்டாரத்தில் அதிகம் பயனடையக்கூடிய தொழில் இதுவே.

கப்பல் சென்னைக்கு வருவதற்குச் சில நாள் முன்பே கப்பல் நிர்வாக நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு பட்டியலை அனுப்பி விலை கேட்கிறது. அந்தப் பிரிவு சிங்கப்பூரிலோ மும்பையிலோ ஏதென்ஸிலோ இருக்கலாம். பட்டியலில் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்க எண் இருக்கும். உலகக் கடல்சார் கொள்முதலாளர் சங்கமான இம்பா வெளியிடும் பொருள் கையேட்டின் எண் அது. 21 என்று தொடங்கினால் கயிறு வகை, 25 என்றால் கப்பல் பெயின்ட், 31 என்றால் பாதுகாப்பு உடுப்பு. ‘எல்லா வகைச் சாமானும் கிடைக்கும்’ என்று எழுதிய தளத்தைவிட, எந்தெந்த எண் வரிசைகள் கிடங்கில் எப்போதும் இருப்பு, எவற்றுக்கு இரண்டு நாள் அவகாசம் தேவை என்று எழுதிய தளம் அந்த அதிகாரிக்கு உதவும். தொழில் தெரிந்தவரோடு பேசுகிறோம் என்ற நம்பிக்கை அந்த ஒரு வரியிலேயே பிறக்கிறது.

அடுத்து அவர் தேடுவது துறைமுகங்களின் பெயர். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றும் ஒரே கரையில் இருந்தாலும் வேலை வேறு வேறு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2011-இல் நிலக்கரியையும் இரும்புத் தாதையும் கையாள்வது சென்னைத் துறைமுகத்தில் நின்றது; நிலக்கரி எண்ணூருக்குப் போனது. சென்னைக்கும் காட்டுப்பள்ளிக்கும் கன்டெய்னர் கப்பல்கள் வருகின்றன. அவை நிற்பது சில மணி நேரமோ ஒரு நாளோதான். எண்ணூர் விரைவுச்சாலையில் லாரிகள் வரிசைகட்டி நின்றால் அந்த அவகாசம் இன்னும் சுருங்கும். ஆகவே மூன்று துறைமுகத்துக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டும்: நுழைவு அனுமதிக்கு எவ்வளவு நேரம் ஆகும், ஞாயிறன்று சரக்கு ஏற்ற முடியுமா, கரைக்கு வராமல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் படகில் கொண்டுபோகும் ஏற்பாடு உண்டா, சுங்க வரியில்லாத கப்பல் ஸ்டோர்ஸ் சரக்குக்கு என்ன ஆவணம் வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். ஏதென்ஸில் காலை 9 மணி என்பது இங்கே கோடையில் 11.30, குளிர்காலத்தில் 12.30. அங்கே மாலையில் அலுவலகம் மூடும்முன் அனுப்பும் விசாரணை இங்கே இரவில்தான் வந்து சேரும். இரவு நேரத்தில் பதில் சொல்பவரின் எண்ணும் மின்னஞ்சலும் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிய வேண்டும். எண்ணுக்கு முன் 91 என்ற நாட்டுக் குறியீட்டை விட்டுவிடும் தளங்கள் இன்றும் இருக்கின்றன.

இந்தத் தளத்துக்கு ‘கூடை’ வசதியோ அட்டையில் பணம் செலுத்தும் வசதியோ வேண்டியதில்லை. இங்கே ஆர்டர் கொட்டேஷன் வழியாக நடக்கிறது. பணம் பல வாரம் கழித்து வங்கி வழியாக வருகிறது. பட்டியல் கோப்பை அனுப்ப ஒரு படிவம் போதும். படத்தைப் பொறுத்தவரை, இணையத்தில் எடுத்த வெளிநாட்டுத் துறைமுகப் படத்தை முகப்பில் ஒட்டுவது பெரும் தவறு. வாங்குபவர் கடல்தொழிலில் இருப்பவர், பார்த்தவுடன் கண்டுகொள்வார். துறைமுகத்துக்குள் படம் எடுக்க அனுமதி வேண்டும். சொந்தக் கிடங்கின் அலமாரி, குளிர்பதன அறை, வண்டியில் அடுக்கிய பெட்டிகள் ஆகியவற்றின் நேர்மையான படங்கள் அதைவிட நல்லவை.

லேத் பட்டறை

திருவொற்றியூர், மணலிப் பக்கம் ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைக்கு மூன்று நான்கு பக்கம் போதும். ஆனால் அந்தப் பக்கங்களில் அளவுகள் இருக்க வேண்டும். லேத்தின் நீளம், சுற்றக்கூடிய அதிகபட்ச விட்டம், எத்தனை மைக்ரான் துல்லியம், ஈஎன்8, எஸ்எஸ்316 போன்ற எந்தெந்த உலோகத்தில் கைப்பழக்கம், எந்த அளவுக்கருவியால் சோதிக்கிறார்கள் என்பனவற்றைப் பார்த்துத்தான் ஆலைப் பொறியாளர் போனை எடுப்பார். ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்ற வரியை அவர் படிப்பதே இல்லை. கடைந்து முடித்த ஷாஃப்டின் பக்கத்தில் ஸ்டீல் ரூல் ஒன்றை வைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒரு பக்க விளம்பர எழுத்துக்குச் சமம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: வாடிக்கையாளர் தந்த வரைபடத்தையோ அவருடைய உதிரிபாகத்தையோ கேட்காமல் தளத்தில் போடக்கூடாது.

மீனும் கருவாடும்

காசிமேட்டில் மீன் விலை விடியுமுன் ஏலத்தில் முடிவாகிறது, மறுநாள் மாறிவிடுகிறது. பச்சை மீன் விலையைத் தளத்தில் நிலையாக எழுதி வைப்பதில் பொருளில்லை. அது வாட்ஸ்அப்பின் வேலை. வட்டாரம், விநியோக நேரம், வெட்டிக் கழுவித் தரும் முறை, ஐஸ் கட்டும் விதம் ஆகியவை தளத்தின் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறது. அந்த நாட்களில் ஃபைபர் படகு மீன் மட்டும் வரும் என்றும், வஞ்சிரம் போன்ற பெரிய மீனுக்குத் தட்டுப்பாடு வரலாம் என்றும் முன்கூட்டியே எழுதி வைக்கும் கடையை மக்கள் நம்புகிறார்கள்.

கருவாடு இதற்கு நேர்மாறு. பல மாதம் தாங்கும், கூரியரில் போகும். இங்கேதான் பணம் கட்டி வாங்கும் வசதி பயன்படும். நெத்திலி, வஞ்சிரம், சுறா ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் வேண்டும். தலை நீக்கியதா, உப்பு தூக்கலா குறைவா, எப்போது காயவைத்தது, எத்தனை நாள் வைத்திருக்கலாம், வாசனை வெளியே வராமல் எப்படிக் கட்டுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். குமரி மாவட்டத்துக்காரர் நெய்மீன் என்று தேடுவார்; வஞ்சிரம் பக்கத்தில் அந்தப் பெயரும் இருந்தால்தான் அவருக்குக் கிடைக்கும்.

தமிழ் எழுத்து

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியபோது முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று. அன்றைய தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவைப் பயன்படுத்தின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகளே தெரிந்தன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றது. பிறகு யூனிகோடு பரவியதால்தான் அது உண்மையில் தீர்ந்தது. ஆனாலும் டிடிபி கடைகளில் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. நோட்டீசுக்கு அடித்த கோப்பை அப்படியே தளத்தில் ஒட்டினால் எழுத்து சிதையும். அதைத் தவிர்க்கப் படமாக மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். தேடுபொறியோ பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானோ அதைச் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்வதே வழி. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற நல்ல இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன.

எந்த மொழி என்பதை வாங்குபவர்தான் தீர்மானிக்கிறார். கப்பல் தொழிலுக்கு ஆங்கிலம், மீனுக்கும் கருவாட்டுக்கும் தமிழ் முதலில். தானியங்கி மொழிபெயர்ப்பைப் படித்துப் பார்க்காமல் ஒட்டக்கூடாது.

உருவாக்கம்

இணையதளக் கட்டுமானம் இன்று எளிது. 2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருளில் ஐந்து பக்கத் தளத்தைச் சில நாளில் முடித்துவிடலாம். தளத்தோடு நடக்கும் தகவல் பரிமாற்றத்தை மறையாக்கும் பாதுகாப்புச் சான்றிதழும் லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகளிடம் இலவசமாகக் கிடைக்கிறது. பக்கம் போனில் விரைவாகத் திறக்க வேண்டும். நடுக்கடலில் இருக்கும் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பிலும் திறக்க வேண்டும். ஓடும் படங்களையும் தானாகத் தொடங்கும் காணொளியையும் நீக்கினாலே பாதி வேலை முடிந்தது. கூகுள் வரைபடத்தில் உள்ள கடைப் பெயரும் முகவரியும் தளத்தில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். முக்கால்வாசி உழைப்பு விவரம் திரட்டுவதிலும் எழுதுவதிலும்தான் போகும்; அந்த உழைப்பை வடிவமைப்பாளர் தலையில் கட்டினால் எல்லாத் தளமும் ஒன்றுபோலவே வரும்.

சட்டம்

பொதுமக்களுக்குத் தளத்திலேயே விற்பவருக்கு 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் பொருந்தும். நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் விவரம் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கருவாடு உணவுப்பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் தேவை. வாடிக்கையாளரின் போன் எண்ணையும் முகவரியையும் சேர்த்து வைப்பவர் 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

முகவரியும் உரிமையும்

.இன் முகவரிகள் 2005 முதல் எல்லோருக்கும் எளிதாகக் கிடைக்கின்றன. நிக்சி நிறுவனம் அவற்றை நிர்வகிக்கிறது. தமிழிலேயே முகவரி வைக்க .இந்தியா என்ற பின்னொட்டும் உண்டு. உள்ளூர்க் கடைக்கு அதை இரண்டாம் முகவரியாக வைத்துக்கொள்ளலாம். தமிழ் தெரியாத வெளிநாட்டவரால் தட்டச்சு செய்ய இயலாது என்பதால் முதல் முகவரியாக அது இன்னும் போதாது. மின்னஞ்சலும் சொந்த முகவரியிலிருந்தே போக வேண்டும். அனுப்பியவர் யார் என்பதை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளும் சரியாக இருந்தால் கொட்டேஷன் குப்பை அஞ்சலில் விழும் வாய்ப்பு குறையும். நிறுவனத்தின் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிச் சொல்லும் மோசடியும் கடினமாகும்.

சிறுதொழில்களை அதிகம் வீழ்த்துவது தொழில்நுட்பக் கோளாறு அல்ல, உரிமைக் கோளாறு. தளம் செய்து தந்தவர் முகவரியைத் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிவு செய்துவிடுகிறார். சில ஆண்டு கழித்து அவர் ஊர் மாறுகிறார், அல்லது புதுப்பிக்க மறக்கிறார். பெட்டிகளிலும் பில்களிலும் வண்டியிலும் அச்சடித்த முகவரி வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. இதைத் தடுக்கப் பணம் தேவையில்லை, ஆரம்பத்திலேயே கேட்டு வாங்கினால் போதும். முகவரிப் பதிவு, தளம் இருக்கும் சர்வரின் இடவாடகைக் கணக்கு, நிர்வாகக் கடவுச்சொல், படங்களின் மூலக்கோப்பு நான்கும் தொழில் நடத்துபவர் கையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் முகவரி யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்பதை இன்றே பார்த்துவிடுங்கள். வேறொருவர் பெயரில் இருந்தால், புதுப் பக்கம் எதையும் சேர்ப்பதற்கு முன் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.