பிட்ஸ்பர்க் சேர்மம் பி

பிட்ஸ்பர்க் சேர்மம் பி என்பது, அல்சைமர் நோயில் மூளையில் சேரும் பீட்டா அமிலாய்டு புரதப் படிவுகளை உயிருடன் இருப்பவரிடமே பெட் ஸ்கேன் மூலம் காண உதவும் கதிரியக்க மருந்து. ஆய்வாளர்கள் இதைச் சுருக்கமாகப் 'பிப்' என்பர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் வில்லியம் கிளங்க், கதிர்வேதியியலாளர் செஸ்டர் மேத்திஸ் ஆகியோரின் குழு இதை உருவாக்கியது.

பின்னணி

ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906இல், இறந்துபோன நோயாளி ஒருவரின் மூளைத் திசுவில் இப்படிவுகளைக் கண்டு விவரித்தார். அதன்பின் பல்லாண்டுகள், இறப்புக்குப் பிந்தைய சோதனையே நோயை உறுதிசெய்தது. எம்.ஆர்.ஐ. மூளை சுருங்குவதையும், குளுக்கோஸ் பெட் ஸ்கேன் அதன் செயல்பாடு குறைவதையும் காட்டின. படிவுகள் இரண்டிலும் தெரியவில்லை.

செயல்படும் விதம்

நுண்ணோக்கி ஆய்வில் அமிலாய்டுக்கு நிறமூட்டும் சாயம் தயோஃபிளேவின் டி. மின்னேற்றம் கொண்டதால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் புகாது. அந்த மின்னேற்றத்தை நீக்கி, கார்பன்-11 அணுவைச் சேர்த்ததில் பிறந்ததே பிப். நரம்பூசி வழியே செலுத்தப்பட்டதும் மூளையை அடைந்து, அமிலாய்டு இழைகளில் ஒட்டிக்கொள்கிறது. கார்பன்-11இன் அரை ஆயுள் சுமார் 20 நிமிடமே என்பதால், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் அருகிலேயே இருக்க வேண்டும்.

முதல் ஆய்வு

2002இல் சுவீடனின் உப்சாலாவில் முதன்முறையாக ஒரு நோயாளிக்கு இந்த ஸ்கேன் எடுக்கப்பட்டது. தொடக்கநிலை நோயாளிகள் 16 பேரையும் நோயற்றோர் 9 பேரையும் ஒப்பிட்ட முடிவுகள் 2004இல் வெளியாயின. நோயாளிகளின் மூளைப் புறணியில், குறிப்பாக முன்பகுதியில், பிப் மிகுதியாகத் தங்கியிருந்தது. படிவுகள் அரிதாக உள்ள சிறுமூளையில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை.

முக்கியத்துவமும் வரம்புகளும்

நினைவாற்றல் குன்றாத முதியோர் சிலரிடமும் படிவுகள் உள்ளதை பிப் ஆய்வுகள் காட்டின. அறிகுறிகளுக்குப் பல ஆண்டுகள் முன்பே படிவு தொடங்குகிறது என்பதும், படிவு மட்டுமே மறதிநோய்க்குச் சான்றாகாது என்பதும் இதனால் தெளிவாயின. நோயின் மற்றோர் அடையாளமான டௌ புரத முடிச்சுகளை பிப் காட்டாது. அதற்கான ஃப்ளோர்டௌசிபிர் 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அன்றாட மருத்துவத்துக்கு, சுமார் 110 நிமிட அரை ஆயுளுள்ள ஃப்ளூரின்-18 கொண்ட மருந்துகள் வந்தன. ஃப்ளோர்பெட்டாபிர் 2012இலும், பிப்பின் வழித்தோன்றலான ஃப்ளூட்டமெட்டமால் 2013இலும் அமெரிக்க ஒப்புதல் பெற்றன. லெக்கனமாப் போன்ற அமிலாய்டு நீக்கும் மருந்துகளைத் தொடங்குமுன், படிவு இருப்பதை உறுதிசெய்யும் வழிகளுள் ஒன்றாக இன்று அமிலாய்டு பெட் ஸ்கேன் விளங்குகிறது.