நவிர மலையும் பேரியாழும்

பர்வத மலையை அறியாத கலசப்பாக்கத்துக்காரர் உண்டோ? சங்க காலத்தில் அதன் பெயர் நவிர மலை. நம்ம செய்யாறுதான் அன்றைய சேயாறு. செங்கத்தை ஆண்ட நன்னன்மீது பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், 583 அடிகளில் இந்த மண்ணைத்தான் பாடுகிறது. உ.வே.சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது அதுவும் அச்சேறியது.

நன்னனிடம் பரிசு பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்வதுதான் பாட்டு. அவர்கள் சுமந்து வந்த பைகளுக்குள் ஒரு கச்சேரியே இருந்தது: முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, யானை போல் ஒலிக்கும் தூம்பு, குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை. பலாக்காய் கொத்துக் கொத்தாகத் தொங்குவது போல அந்தப் பைகள் தொங்கினவாம்!

அடுத்து வரும் யாழ் வர்ணனை இருக்கிறதே, என்னைப் போன்ற இன்ஜினியருக்கு அது ஒர்க்‌ஷாப் குறிப்பேடு மாதிரிதான். வளைந்த கரிய தண்டு. அதில் 9 வார்க்கட்டு. வரகுக் கதிர் போல் வரிசையாக நுண்துளைகள். பத்தரைப் பசையால் ஒட்டி, துளையில் ஆணியை இறுக முடுக்கி, பொன்னிறத் தோல் போர்த்த வேண்டும். சுருதியோ வெண்சிறுகடுகு அளவும் பிசகக் கூடாது. அந்தக் காலத்து டாலரன்ஸைப் பார்த்தீர்களா!

இவ்வளவு விவரம் இருந்தும் அந்தப் பழைய யாழில் ஒன்றுகூட நமக்கு மிஞ்சவில்லை. மரமும் தோலும் நரம்பும் மக்கிப் போயின. சீனாவின் கதை வேறு. 1978-ல் ஹூபே மாகாணத்தில், கி.மு. 433-ஐ ஒட்டிய சிற்றரசன் ஒருவனின் கல்லறையில் 65 வெண்கல மணிகள் கிடைத்தன. எந்த மணியில் எந்தச் சுரம் என்று அவற்றிலேயே பொறித்திருந்தார்கள். தட்டினால் சுருதி பேசியது! அங்கே பொருளே நின்றது; இங்கே சொல் மட்டும் நின்றது.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உழைத்தவர் இலங்கை மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த விபுலானந்த அடிகள். லண்டன் பி.எஸ்ஸி. பெற்ற விஞ்ஞான ஆசிரியர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். கணக்குப் போட்டு யாழின் சுருதிகளை ஆராய்ந்த அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

தம்பி, தங்கைகளே! ஜவ்வாது மலைத் திருவிழாக்களில் ஒலிக்கும் மேளங்களும் மரமும் தோலும்தான். என்ன மரம், என்ன தோல், வார் எப்படி இழுக்கிறார்கள் என்று செய்யத் தெரிந்த பெரியவர்களிடம் கேட்டு, அளந்து, எழுதி வையுங்கள். பெருங்கௌசிகனார் எழுதி வைத்ததால்தானே இன்று நாம் யாழைப் பற்றிப் பேசவாவது முடிகிறது!