பறவையைக் காத்த ஊரார்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில், நெடுமங்காட்டையும் விதுராவையும் கடந்தால் கல்லாறு வரும். உருண்ட கற்களிடையே தெளிந்த நீர் ஓடும் அவ்வாற்றங்கரைக்கு விடுமுறை நாட்களில் கட்டுச்சோற்று மூட்டையுடன் வருவோரில் தமிழ்க் குடும்பங்களும் பல. உத்தியோகத்தின் பொருட்டு இந்நகருக்கு வந்த நாமும் அவ்வாறு சென்றவர்களே. உண்டபின் எஞ்சிய சோற்றையும் இலைகளையும் அங்கேயே விட்டு வந்தோம். மறுமுறை சென்றபோது, அவ்விடத்தில் காகங்களும் குரங்குகளும் தெருநாய்களும் கூட்டமாய்க் காத்திருக்கக் கண்டோம். காட்டுப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்பவை இவையே அன்றோ! பறவைகளைக் காக்க வேண்டுமாயின் யாரிடமிருந்து காப்பது என்னும் வினா அன்று நம் உள்ளத்தில் எழுந்தது.

இவ்வினாவிற்கு நியூசிலாந்து நாட்டார் கண்ட விடை பொறி வைத்தல். அந்நாட்டிற்கே உரிய நிலவாழ் பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. ஆகவே கிவி போன்ற பறவைகள் பறக்கும் ஆற்றலையும் இழந்து அச்சமின்றி வாழ்ந்தன. கப்பல்களோடு எலிகள் வந்தன. முயல்களை ஒழிப்பதற்கென்று 19ஆம் நூற்றாண்டில் குடியேறிகள் கொணர்ந்த மரநாயினத்துச் சிறு விலங்கு, முயலை விட்டுப் பறவைக் கூடுகளை நாடிற்று. இன்று அங்கே ஊர்தோறும் பொதுமக்களே முன்வந்து பொறிகளை வைத்துக் காவல் புரிகின்றனர். வந்தேறிய கொன்றுண்ணிகளை 2050ஆம் ஆண்டிற்குள் அகற்றிவிடுவதென்று அந்நாட்டு அரசாங்கம் 2016இல் உறுதி பூண்டது.

நம் நாட்டின் நிலை வேறு. பாம்பும் கீரியும் மரநாயும் நம் பறவைகளுக்குத் தொன்றுதொட்டு அண்டை வீட்டார். நீர் சூழ்ந்த மரங்களில் கூடு கட்டியும், கூர்முள் செறிந்த புதர்களில் ஒளிந்தும் பறவைகள் தம்மைக் காத்துக்கொள்ளப் பழகியுள்ளன. பெண் இருவாட்சி மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை சிறு துளை வழியே இரை ஊட்டுகிறது. ஆயினும் துப்பாக்கியைத் தடுக்கும் வழியைப் பறவை அறியாது. அதனை ஊரார்தாம் அறிந்திருந்தனர். இதற்கு வேடந்தாங்கலே சான்று.

மதுராந்தகத்திற்கு அருகே, 30 ஹெக்டேர் அளவே உள்ள சிற்றேரி அது. மழைக்காலந்தோறும் நத்தைகுத்தி நாரையும், அரிவாள் மூக்கனும், கரண்டிவாயனும், நீர்க்காகமும் அங்கு வந்து கூடுகட்டும். அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாதலை உழவர் கண்டறிந்தனர். ஆகவே பறவையைக் காத்தல் அவர்களுக்கு அறமும் ஆயிற்று, வேளாண்மையும் ஆயிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சிப்பாய்கள் அங்கு வேட்டையாடினர். ஊரார் வாளாவிருக்கவில்லை, கலெக்டரிடம் சென்று முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் அவர்தம் உரிமையை ஏற்றுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் கவுல் என்னும் உறுதிப் பத்திரம் அளித்தார். அவ்வுரிமை 1858இல் மீண்டும் உறுதி செய்யப்பெற்றது. ஏரி பறவைப் புகலிடமாக அரசாங்க ஏற்பைப் பெற்றது 1936இல். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பெற்றது. சட்டம் பின்னே வந்தது. ஊரார் அதற்கு ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக முன்னே நின்றனர் என்பதை இவ்வாண்டுகளே உரைக்கும்.

இஃது அவ்வூரோடு நின்றுவிடவில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. நாம் வாழும் இக்கேரளத்திலேயே, வாழச்சால் காட்டில் முன்னர் இருவாட்சிக் குஞ்சுகளைப் பிடித்துவந்த காடர் குடியினர், இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் அப்பறவையின் கூடுகளுக்குக் காவலராக விளங்குகின்றனர். எந்த மரத்தில் எந்தப் பொந்து என்பதை அவர்களினும் நன்கறிந்தார் யார்?

வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளுள் பல, நம்மைப்போல் வெளியூரிலிருந்து வருவனவே. பிறந்த மண்ணை விட்டு வந்தோர்க்குப் பிறர் இடம் கொடுத்துக் காப்பதன் அருமை நன்கு தெரியும். கல்லாற்றங்கரையில் நாம் விருந்தினர். அங்குள்ள இருவாட்சியோ வீட்டுக்குரியது. ஆங்குப் பொறி வைக்க வேண்டிய தேவையில்லை. காகத்தையும் நாயையும் அழைத்து வைத்த நம் எச்சிலை அகற்றினால் போதும்.

மூன்றாம் முறை சென்றபொழுது, உண்ட இலைகளை எல்லாம் கட்டுச்சோறு கொண்டுபோன அதே துணிப்பையில் கட்டி நகருக்கு எடுத்து வந்தோம். சுமை ஒன்றும் பெரிதாக இல்லை.